பழைய படத்தை அதன் வடிவிலேயே காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க பழைய படங்கள் என்று தங்கள் ஞாயிறு இணைப்பு தந்த பட்டியலில், 1939இல் வெளியான 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' முதலிடத்தில் இருந்தது. சூறாவளி தூக்கிக்கொண்டுபோய் மாய நாட்டில் போட்ட டோரத்தி என்ற சிறுமி, நாய்க்குட்டி டோட்டோவோடு வீடு திரும்ப வழி தேடும் கதை. தேர்வு சரிதான். ஆனால் எந்தப் பிரதி கிடைத்தாலும் பெரிய திரையில் போட்டால் போதும் என்று கட்டுரையாளர் முடித்திருப்பது சரியில்லை. பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கிளப் ஹவுஸ்களிலும் சமுதாயக் கூடங்களிலும் இப்போது வாராவாரம் படம் ஓடுகிறது. நல்ல ப்ரொஜெக்டர், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் இருந்தும் பழைய படங்கள் அங்கே பாழாவதற்குக் காரணம் நாலைந்து பொத்தான்கள்தான்.

முதலில் ஒரு திருத்தம். கட்டுரை சொல்வதுபோல் இது உலகின் முதல் வண்ணப்படம் அல்ல. வண்ணத்தை மூன்று ஃபிலிம் சுருள்களில் பிரித்துப் பதியும் டெக்னிகலர் முறையில் முழுநீளப் படம் 1935இலேயே வந்துவிட்டது. இந்தியாவிலும் அர்தேஷிர் இரானி 1937இல் 'கிசான் கன்யா'வை வண்ணத்தில் தயாரித்துவிட்டார். 'ஆஸ்' படத்தின் பெருமை வேறு. நம் பக்கம் 1950களில் செலவுக்குப் பயந்து ஒரு பாட்டுக்கோ ஒரு நடனத்துக்கோ மட்டும் வண்ணம் சேர்த்து, விளம்பரத்தில் அதைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அந்தப் பாட்டைக் கறுப்பு-வெள்ளையில் பார்த்தாலும் கதை கெடாது. இந்தப் படத்தில் வண்ணம் எப்போது வர வேண்டும் என்பதைக் கதையே தீர்மானிக்கிறது. அது கெட்டால் படமே கெட்டது.

முதல் 20 நிமிடம்போல, டோரத்தி வாழும் கான்சாஸ் பண்ணை முழுக்கப் பழுப்பு நிறம். கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் எடுத்து, பிரதி போடும்போது பழுப்பு ஏற்றினார்கள். சூறாவளியில் பறந்த வீடு தரையில் மோதியதும் அவள் எழுந்து வந்து கதவைத் திறக்கிறாள். வெளியே முழு வண்ணம். கதவு திறக்கும் அந்த ஷாட் கறுப்பு-வெள்ளை அல்ல, அதுவும் டெக்னிகலர்தான். வீட்டின் உட்சுவர், கதவு எல்லாவற்றுக்கும் பழுப்புச் சாயம் பூசி, டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்டைப் போலவே பழுப்பு உடை உடுத்திய மாற்று நடிகையை முதுகு காட்டி நிற்க வைத்தார்கள். அவர் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்க, நீலக் கட்டம் போட்ட உடையில் கார்லண்ட் அதே வாசல் வழியாக வெளியே நடக்கிறார். நடுவில் வெட்டு இல்லை.

எந்தப் பிரதியையும் எந்த ப்ரொஜெக்டரையும் சோதித்துப் பார்க்க இந்த அரை நிமிடம் போதும். அதற்கு முந்தைய காட்சி ஃபிலிமில் ஏற்றிய பழுப்பு, இந்த ஷாட்டில் இருப்பது சுவரில் பூசிய பழுப்பு. அமைப்பு சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், ஒட்டு எங்கே என்று தெரியாது. ப்ரொஜெக்டர் வண்ணத்தைத் தூக்கிக் காட்டினால் வீட்டின் சுவர் திடீரென்று செம்மண் நிறத்துக்கு மாறும். டோரத்தி கதவில் கை வைப்பதற்குள் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்துவிடும். கான்சாஸ் காட்சிகள் பழுப்பாக இல்லாமல் வெறும் கறுப்பு-வெள்ளையாக வந்தால், அது பழைய தொலைக்காட்சிப் பிரதியின் வழிவந்தது என்று அறியலாம். 1949 மறுவெளியீட்டிலிருந்து பல்லாண்டுகள் பழுப்பு ஏற்றாமலேயே பிரதி போட்டார்கள். 50ஆம் ஆண்டையொட்டி 1989இல்தான் பழுப்பு திரும்பி வந்தது. கறுப்பு-வெள்ளைப் பிரதியில் கதவு ஷாட் மட்டும் பழுப்பாக வந்து முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். மூல டெக்னிகலர் நெகட்டிவை ஸ்கேன் செய்து 2019இல் வந்த 4கே டிஸ்க், அல்லது அதற்கு முந்தைய ப்ளூரே, இரண்டில் ஒன்றை வாங்கிவிடுவது உத்தமம்.

அடுத்தது வடிவம். இன்றைய திரைகளின் அகல-உயர விகிதம் 16:9. இந்தப் படம் 1.37:1, அதாவது கிட்டத்தட்டச் சதுரம். 10 அடி அகலத் திரையின் உயரம் 5 அடி 7 அங்குலம். அதில் படம் 7 அடி 8 அங்குல அகலத்துக்குத்தான் வரும். இரு பக்கமும் ஒரு அடிக்கு மேல் கறுப்புப் பட்டை இருக்கும். கறுப்புப் பட்டையைக் கண்டதும் நம் ஆட்களுக்குக் கை பரபரக்கும், ஏதோ குறை என்று ரிமோட்டை எடுப்பார்கள். 'ஸ்ட்ரெட்ச்' அழுத்தினால் எல்லா உருவமும் சுமார் 30 சதவீதம் பக்கவாட்டில் உப்பும். சோளக்கொல்லை பொம்மையாக வரும் நடிகர் ரே போல்ஜர் ஒல்லிக்குச்சியாக முழங்கால் மடங்கி ஆடுவதுதான் அந்த நடனத்தின் அழகு. அவரைக் குண்டாக்கினால் என்ன மிச்சம்? 'ஜூம்' அழுத்தினால் மேலும் கீழுமாக உயரத்தில் 23 சதவீதம் போய்விடும். அது இன்னும் மோசம். நடனங்களைத் தலை முதல் பாதம் வரை தெரியும்படியே எடுத்திருக்கிறார்கள், முதலில் வெட்டுப்படுவது பாதம். கதையில் சூனியக்காரி துரத்துவதே டோரத்தி காலில் இருக்கும் சிவப்புக் காலணிக்காகத்தான். காலையே காட்டாமல் அந்தக் கதையை எப்படிச் சொல்வது?

லாஸ் வேகாஸில் உருண்டை அரங்கத்துக்காக 2025இல் இதே படத்தை விரித்தார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஃப்ரேமுக்கு வெளியே இல்லாததைப் புதிதாக வரைந்து சேர்த்தார்கள். படத்தின் நீளத்தையும் சுருக்கினார்கள். அது சரியா தவறா என்பது தனி வழக்கு. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்துவதற்கு அதை மேற்கோள் காட்ட முடியாது.

ப்ரொஜெக்டரில் செய்ய வேண்டியது அதிகமில்லை. பட முறை 'சினிமா'வில் இருக்கட்டும். 'டைனமிக்', 'ப்ரைட்' போன்றவற்றில் வெளிச்சம் கூடும், ஆனால் பெரும்பாலான கருவிகளில் பச்சை ஏறிவிடும், பழுப்பு பாசி பிடித்தாற்போல் ஆகும். நிற வெப்பம் ('கலர் டெம்பரேச்சர்') 'வார்ம்' அல்லது 6500. அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அதற்கு ஒரு பெயர், மெனுவில் 'மோஷன்' என்ற சொல்லைத் தேடினால் அகப்படும். 'ஷார்ப்னஸ்' பாதிக்குக் கீழே. இந்தப் படத்தின் மலை, வயல், மஞ்சள் செங்கல் சாலையின் தொலைதூர முனை எல்லாம் அரங்கத்துக்குள் தீட்டிய ஓவியம். கூர்மையைக் கூட்டினால் ஓவியம் முடியும் இடம் கோடு போட்டதுபோல் தெரியும்.

வண்ணத்தைக் கூட்டவே வேண்டாம். டெக்னிகலர் கேமராவில் வெளிச்சத்தைப் பட்டகம் பிரித்து மூன்று தனிச் சுருள்களில் பதியும். பிறகு மூன்று சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றியெடுத்துப் பிரதி போடுவார்கள். வண்ணம் தூக்கலாக இருப்பது அந்த முறையின் இயல்பு. மூலக் கதைப் புத்தகத்தில் வெள்ளியாக இருந்த காலணியைச் சிவப்பாக மாற்றியதே டெக்னிகலரில் எடுபட வேண்டும் என்பதற்காகத்தான். பளிச்சென்ற சிவப்பு அந்த ஃபிலிமில் ஆரஞ்சாகத் தெரியும் என்பதால் அடர்சிவப்பு ஜிகினா தைத்தார்கள். அவ்வளவு பார்த்துச் செய்ததன்மேல் நாம் வண்ணத்தை ஏற்றினால் காலணி ரத்தக் கட்டியாகத் தெரியும்.

திரைக்கும் ப்ரொஜெக்டருக்கும் உள்ள தூரத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். த்ரோ ரேஷியோ, அதாவது தூரத்துக்கும் பட அகலத்துக்கும் உள்ள விகிதம், 1.5 என்று போட்டிருந்தால் 10 அடி அகலத்துக்கு 15 அடி பின்னால் வைக்க வேண்டும். கருவியைத் தாழ்வாக வைத்து மேல்நோக்கிச் சாய்த்துவிட்டு 'கீஸ்டோன்' போட்டுச் சரிசெய்வது வழக்கமாகிவிட்டது. படம் நேராகும், ஆனால் தெளிவு குறையும், வட்டமாக இருக்க வேண்டியது கோணலாகவும் கூடும். லென்ஸின் உயரத்தைச் சரிசெய்வதே முறை, மேசைமேல் ஒரு ஸ்டூல் போட்டால் தீர்ந்தது. இரண்டு வேட்டியை இணைத்துத் திரை கட்டினால் நடுவில் தையல் கோடு விழும், துணியின் ஊடாக வெளிச்சம் பாதி பின்னால் போய்விடும். ஜன்னல் திரைக்குப் பின்னால் வைத்துத் தைக்கும் கெட்டியான வெள்ளை 'ப்ளாக்அவுட்' துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும், அது நல்ல திரை. மொட்டைமாடியில் காட்டுவதானால் மே மாதத்தில் பெங்களூரில் 7:15க்கு முன் தொடங்க வேண்டாம். மேற்கே வெளிச்சம் மிச்சமிருந்தால் பழுப்புக் காட்சிகள் வெளிறிப்போகும், மங்கலிலிருந்து வண்ணத்துக்குப் போகும் அந்தத் தாவலும் இருக்காது.

ஒலியில் வரும் கோளாறு ஒன்றே ஒன்று, ஆனால் அடிக்கடி வருவது. படம் ஒற்றைத் தட ஒலியில் எடுத்தது. டிஸ்க்கில் 5.1 தடமும் சேர்த்திருப்பார்கள். அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும். மண்டபத்தில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். பிளேயரில் ஒலி வெளியீட்டை 'ஸ்டீரியோ' அல்லது 'பிசிஎம்' என்று மாற்றாவிட்டால் வாத்தியம் அதிரும், பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஸ்பீக்கர் பழுது என்று நினைத்து ஒலியைக் கூட்டுவார்கள், சூறாவளி வரும்போது சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழும். டைல்ஸ் போட்ட கூடத்தில் எதிரொலி வேறு. தரை முழுக்க ஜமுக்காளம் விரித்துப் பிள்ளைகளை உட்கார வையுங்கள், பாதி எதிரொலி அடங்கும். உட்காரவைப்பதைப் படம் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஹரால்ட் ஆர்லன் இசையில், சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் வாங்கிய வானவில் பாட்டு, படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வந்துவிடும். சோதனைக் காட்சிக்குப் பின் படத்தின் வேகத்தைக் கெடுக்கிறது என்று இதையே வெட்டப் பார்த்தார்களாம். பாப்கார்ன் வரிசையில் நின்று அதைத் தவறவிடுவானேன்?

பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். எட்டு வயதுக்கு மேல் ஆங்கில வசன வரியை வாசித்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத் தமிழில் ஒருவர் கதை சொன்னால் நல்லது, ஆனால் எப்போது என்பதில் கண்டிப்பு வேண்டும். படத்துக்கு முன் மூன்று நிமிடம்: பண்ணையில் வேலை செய்யும் மூன்று பேரின் முகத்தைக் கவனியுங்கள், பிறகு வேறு வேஷத்தில் வருவார்கள் என்று சொன்னால் போதும். போல்ஜர், ஜாக் ஹேலி, பெர்ட் லார் மூவரும் பண்ணையாட்களாகவும், பின்னர் சோளக்கொல்லை பொம்மை, தகர மனிதன், கோழைச் சிங்கமாகவும் வருகிறார்கள். நாயைப் பறிக்க வரும் மிஸ் கல்ச்தான் சூனியக்காரி, இரண்டும் மார்கரெட் ஹாமில்டன். ஃப்ராங்க் மார்கன் ஐந்து வேஷம் போட்டிருக்கிறார், எண்ணச் சொல்லுங்கள். ஐந்தாவதைப் பெரியவர்களே தவறவிடுவார்கள். பாட்டு ஓடும்போது கதைசொல்லி வாய் திறக்கக் கூடாது.

102 நிமிடப் படம். இடைவேளை இல்லாமல் ஓட்டலாம், ஆனால் நம் ஊரில் சமோசா இல்லாமல் முடியாது. எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. கசகசாப் பூந்தோட்டத்தில் மயங்கி விழுந்தவர்கள்மேல் பனி பெய்து, எழுந்து மரகத நகரத்தை நோக்கி நடப்பார்கள். ஒரு மணி நேரம் நெருங்கும் இடம். அங்கே நிறுத்துங்கள். இறக்கை முளைத்த குரங்குகள் வரும் காட்டுக் காட்சிக்குப் பிறகு நிறுத்தவே கூடாது. பயந்த பிள்ளையைப் பயத்தோடு வெளியே அனுப்பினால் திரும்ப உள்ளே வராது. ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் அந்தப் பகுதியில் பெற்றோர் மடியில் இருக்கட்டும்.

பயம் என்றதும் ஒரு வதந்தி. காட்டின் பின்புறத்தில் ஒரு நடிகர் தூக்கில் தொங்குவது படத்தில் பதிந்திருக்கிறது என்று வாட்ஸாப்பில் வட்டம் போட்டுக் காட்டும் காணொளி வருகிறது. அது படப்பிடிப்புக்காக அரங்கத்தில் விட்டிருந்த பெரிய பறவை. மங்கிய வீடியோ டேப்பில் நிழலாகத் தெரிந்ததை வைத்துக் கட்டிய கதை. சீர்செய்த பிரதியில் அது இறக்கை விரிப்பது தெளிவாகத் தெரியும். அறிவிப்பின்போது இதை வேடிக்கையாகச் சொல்லிப் பிள்ளைகளைக் கலவரப்படுத்த வேண்டாம்.

சூறாவளியைப் பற்றிக் கேட்பார்கள், அதைச் சொல்லுங்கள். தந்திரக் காட்சிகளை அமைத்த ஆர்னல்ட் கில்லெஸ்பியின் குழு 35 அடி நீள மஸ்லின் துணியைக் கூம்பாகத் தைத்து, மேலே நகரும் சட்டத்தில் தொங்கவிட்டுச் சுழற்றியது. அடியில் மண்தூளை ஊதிப் புழுதி கிளப்பினார்கள். முதலில் ரப்பரில் செய்து பார்த்தார்கள், வளைந்து கொடுக்கவில்லை. வீடு விழுவது, தரையில் வானத்தை வரைந்து அதன்மேல் பொம்மை வீட்டைப் போட்டுப் பதிவுசெய்து, பின்னோக்கி ஓட்டியது. இவ்வளவு செய்தும் தந்திரக் காட்சிக்கான ஆஸ்கர் கைநழுவியது. அதை வாங்கியது 'தி ரெயின்ஸ் கேம்'. கற்பனையான ஓர் இந்திய சமஸ்தானத்தில் வெள்ளமும் பூகம்பமும் வரும் படம்.

படத்தைப் பார்த்த கையோடு ஆண்டுவிழா நாடகமாகப் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தகர மனிதனாக முதலில் நடித்தவர் பட்டி எப்சன். முகத்தில் பூசிய அலுமினியத் தூள் நுரையீரலுக்குள் போய், மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்ந்தார், வேஷமும் கைமாறியது. பின்னால் வந்த ஹேலிக்குத் தூளைக் குழைத்துப் பூசினார்கள், அவருக்குக் கண்ணில் தொற்று வந்தது. ஹாமில்டனின் பச்சைப் பூச்சில் செம்பு கலந்திருந்தது. 1938 டிசம்பரில் தீப்பிழம்போடு மறையும் காட்சியில் அவர் முகமும் கையும் வெந்தபோது, அந்தப் புண்ணின்மேலிருந்தே பூச்சைத் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. பூந்தோட்டத்தில் பெய்த பனி ஆஸ்பெஸ்டாஸ். அந்தக் காலத்தில் அது வழக்கம். இன்று நம் மேடைகளில் சில்வர் பெயிண்டையும் ஜரிகைத் தூளையும் பிள்ளைகளின் முகத்தில் பூசுவதற்கு அந்தச் சாக்கும் இல்லை. முகத்துக்கென்றே விற்கும் தண்ணீரில் கரையும் சாம்பல் நிறப் பூச்சு போதும். தகரப் பளபளப்பை அட்டையில் ஒட்டிய ஃபாயிலில் காட்டுங்கள். பனிக்குப் பஞ்சு, அதுவும் விளக்குக்குத் தள்ளி. காலணி விஷயத்திலும் கவனம் தேவை. எல். ஃப்ராங்க் பாம் 1900இல் எழுதிய மூலப் புத்தகத்தின் காப்புரிமை காலாவதியாகிவிட்டது, தமிழில் நாடகமாக்க யாரையும் கேட்க வேண்டாம். சிவப்புக் காலணி படத்துக்கு உரியது, மேடையில் வெள்ளிக் காலணியே போடுங்கள்.

படத்தைக் காட்டுவதற்கும் சட்டம் உண்டு. மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும்படி பள்ளியே தன் பணியின் ஒரு பகுதியாகத் திரையிட்டால் காப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. குடியிருப்போர் சங்கத்துக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் அந்த விலக்கு பொருந்தாது. டிஸ்க்கின் முதுகிலேயே வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். உரிமை வார்னர் பிரதர்ஸிடம் இருக்கிறது, பொதுத் திரையிடலுக்கு எழுத்தில் அனுமதி கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு. கட்டணம் வசூலிக்கவில்லை என்பது பதிலாகாது.

கடைசியாக மின்சாரம். மே மாத மாலை மழையில் கரண்ட் போகாத பேட்டை பெங்களூரில் இல்லை. ப்ரொஜெக்டரும் ஸ்பீக்கரும் சேர்ந்து 500 வாட் என்று வைத்துக்கொண்டால், 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் படத்தின் முழு நீளத்துக்கும் ஓடும். இன்வெர்ட்டரில் 'யுபிஎஸ்' முறையைப் போட்டுவையுங்கள். சாதாரண முறையில் மாறும்போது கண்சிமிட்டும் நேரம் மின்சாரம் அறும், அதற்குள் ப்ரொஜெக்டரும் பிளேயரும் அணைந்து முதலிலிருந்து தொடங்கும். லாம்ப் வைத்த கருவி என்றால் சூட்டோடு மறுபடி எரிய மறுத்துச் சில நிமிடம் காக்க வைக்கும். கதவுக் காட்சிக்கு முன் இப்படி நேர்ந்தால் ஐந்து நிமிடம் பின்னால் போய்த் தொடங்குங்கள். நேரே கதவில் தொடங்க வேண்டாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டியல் வரும்போது ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பக்கத்திலும் ஓடும் நேரம், படத்தின் அகல-உயர விகிதம், எந்த வயதுக்கு ஆகும் என்ற மூன்றையும் அச்சிடுங்கள். ஒரு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
திரையிடல் வேலை பார்க்கும் வாசகர்கள்,
அல்சூர், பெங்களூரு.